எதை விடலாம் என்று கணக்கிட்டவர்

ஓய்வு பெற்று ஒடுகத்தூருக்குத் திரும்பிய பிறகு எனக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது. பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை. பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்தவனுக்கு இது எளிய வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி, திருப்பி அனுப்பப்பட்ட உதவித்தொகை விண்ணப்பத்துடன் வந்தார். தந்தையின் பழைய இனச் சான்றிதழைக் கைப்பேசியில் படமெடுத்து இணைத்திருந்தார். சான்றிதழின் எண் தெளிவாக இல்லை என்பதே மறுப்புக்குக் காரணம். தாளில் எண் தெளிவாகத்தான் இருந்தது. படத்தில்தான் 6 எது, 8 எது என்று தெரியவில்லை. கோப்பு 100 கிலோபைட்டுக்கு மிகக் கூடாது என்ற விதிக்கு அடங்குவதற்காக, யாரோ அந்தப் படத்தைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பியிருந்தார்கள். எழுத்துகளைச் சுற்றிப் புகை படிந்தாற்போல் ஒரு மங்கல். தந்தையின் சாதியை உறுதி செய்யும் இலக்கம் அந்தப் புகைக்குள் கரைந்துவிட்டது.

அன்று மாலை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு வரலாற்றறிஞர். பொருளாதார மாணவர்களும் இடதுசாரி இயக்கத்தவரும் அவரை டி.டி. கோசாம்பி என்று அறிவார்கள். 1956-இல் வெளிவந்த அவருடைய இந்திய வரலாற்று அறிமுக நூலைப் படிக்காமல் என் தலைமுறையினர் முதுகலை முடித்ததில்லை. ஆனால், கைப்பேசிப் படம் எப்படிச் சுருங்குகிறது என்ற கேள்வியின் அடிவேரிலும் அவர் இருக்கிறார் என்பதை நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான்.

தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, அப்போது போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் பிறந்தார். தந்தை தர்மானந்தர் தனியாக ஒரு நூல் எழுதத்தக்க மனிதர். புத்தரைப் பற்றி அறியும் வேட்கையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கொழும்பு வித்யோதயப் பிரிவெனாவில் பாலி மொழி கற்று, பர்மா வரை சென்று துறவு பூண்டு, பின்னர் இல்லறத்துக்குத் திரும்பி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பாலி நூல் பதிப்புப் பணிக்காக அழைக்கப்பட்டவர். 1918-இல் அவர் மீண்டும் அமெரிக்கா சென்றபோது, பதினோரு வயது மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பள்ளியும் ஹார்வர்டும் அங்கேயே. கணிதர் நார்பர்ட் வீனரின் நட்பு அங்கேதான் கிடைத்தது. 1929-இல் மிக உயர்ந்த சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்று இந்தியா திரும்பினார். முனைவர் பட்டத்தை அவர் நாடவேயில்லை. எங்கள் காலத்துப் பல்கலைக்கழக விதிகளின்படி அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கூடக் கிடைத்திருக்காது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு, அலிகாரில் இரண்டாண்டு. அலிகாருக்கு அவரை அழைத்தவர், அப்போது அங்கே கணிதத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த பிரெஞ்சு இளைஞர் ஆந்த்ரே வெய்ல். பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் பெருங்கணிதர்களில் ஒருவரானவர். அதே துறைக்கு வெய்ல் அழைத்த மற்றொருவர் நம் தென்னார்க்காட்டுக்காரரான தி. விஜயராகவன்; பின்னர் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனவர். அந்தச் சிறு கூட்டம் அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. வெய்லின் தூண்டுதலில் கோசாம்பி அக்காலத்தில் ஒரு குறும்பும் செய்தார். இல்லாத ஒரு ரஷ்யக் கணிதருக்கு பூர்பாக்கி என்று பெயர் சூட்டி, அவருடைய தேற்றத்தை விரிவுபடுத்துவதாக ஒரு கட்டுரை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சுக் கணிதர் குழு ஒன்று அதே பெயரைப் புனைபெயராகக் கொண்டு உலகின் கணிதப் பாடநூல்களையே மாற்றி எழுதியது.

1933-இல் புணேயில் பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். முன்பு தந்தை பாலி கற்பித்த அதே கல்லூரி. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு கல்லூரி ஆசிரியராக இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நான் வியப்புடனே பார்க்கிறேன். பெரிய ஆய்வகம் இல்லை, ஆய்வு மாணவர் படை இல்லை, இளங்கலை வகுப்புகளின் பாடச்சுமை மட்டும் உண்டு. அவர் வாழ்வில் நிலைத்து நின்ற பணிகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் நிகழ்ந்தது. வடிவியலில் அவர் 1933-இல் எழுதியது, பிரான்சின் எலீ கார்த்தான் கவனத்தை ஈர்த்தது. இன்றும் அந்தக் கோட்பாட்டின் பெயரில் முதலில் நிற்பது கோசாம்பிதான். 1934-இல் ராமானுஜன் நினைவுப் பரிசு வந்தது.

பிறகு நாணயங்கள். தட்சசீலத்தில் கிடைத்த புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரை வெள்ளிக் காசுகள் இருந்தன. அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை; சூரியன், யானை, மலை என்று வெறும் முத்திரைகள். நாணயவியலாளர்கள் முத்திரைகளின் பொருளைப் பற்றி ஊகித்துக்கொண்டிருந்தனர். கோசாம்பி ஒரு நுண்தராசை எடுத்துக்கொண்டு காசுகளை ஒவ்வொன்றாக எடை போடத் தொடங்கினார். அவருடைய தர்க்கம் இது: புழக்கத்தில் இருக்கும் காசு கைமாறக் கைமாறத் தேயும், ஆகவே எடை குறையும், எல்லாக் காசும் ஒரே அளவில் தேயாது, ஆகவே எடைகளுக்கிடையே வேறுபாடும் பெருகும். காசின் பின்புறத்தில் அக்கால வணிகர்கள் சோதித்துப் பார்த்து அடித்த சிறு குறிகள் உண்டு. குறிகள் கூடக்கூடச் சராசரி எடை நேர்கோடாகக் குறைந்து வந்தது. அதாவது, அந்தக் குறிகள் காலத்தின் கணக்கு. எந்த முத்திரைத் தொகுதி முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த வழி பிறந்தது. தன் முறை சரிதானா என்று பார்க்க, தம் காலத்தில் புழங்கிய பிரிட்டிஷ் இந்தியக் காசுகளையும் வாங்கி எடை போட்டார். அவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிருந்ததால் விடையைச் சரிபார்க்க முடிந்தது. மொத்தம் பல்லாயிரம் காசுகள். பணத்தின் சுற்றோட்ட வேகம் என்று வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய ஒரு குறியீட்டை, இவர் கிராமின் பின்னங்களில் அளந்திருக்கிறார்.

காசுகளிலிருந்துதான் அவர் வரலாற்றுக்குள் நுழைந்தார் என்பது பலரும் எழுதியது. காசுகளுக்குப் புள்ளியியல் தேவைப்பட்டது, புள்ளியியலில் இறங்கியவர் அதன் அடித்தளத்திலேயே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. அந்தக் கல்தான் 1943-ஆம் ஆண்டு இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வந்த 13 பக்கக் கட்டுரை. டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர் 1907-இல் தொடங்கிய கழகம் அது. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வெளிவந்ததும் அதே இதழில்தான்.

கட்டுரையின் கருத்தைக் கணிதம் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். வேலூர் மாவட்டத்தில் மாதந்தோறும் பெய்த மழையை ஐம்பது ஆண்டுகளுக்குக் குறித்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 12 எண்கள். ஆனால், இந்தப் பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டில் அக்டோபரும் நவம்பரும் சேர்ந்தே உயரும். ஆகவே ஓர் ஆண்டை இப்படியும் சொல்லலாம்: சராசரி ஆண்டின் வடிவம், அதனுடன் வடகிழக்கு வலுத்த வடிவம் இவ்வளவு, தென்மேற்கு வலுத்த வடிவம் இவ்வளவு. பன்னிரண்டு எண்களின் இடத்தில் இரண்டு மூன்று எண்கள் போதும், விடுபடுவது சிறிதளவே. அந்த வடிவங்களை நாம் கற்பனையில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுத் தரவே அவற்றைத் தரும். ஒரு வடிவத்தின் அளவு மற்றொன்றின் அளவோடு ஒட்டுறவு கொள்ளாதபடியும், முதல் வடிவமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கும்படியும், அடுத்தது எஞ்சியதில் பெரும்பகுதியை விளக்கும்படியும் அவை வரிசையாக வந்து நிற்கும். எத்தனை வடிவங்களோடு நிறுத்தினாலும், அத்தனை எண்ணிக்கைக்கு இதைவிடக் குறைந்த பிழையுடன் வேறெந்த வழியும் இராது. வெறும் பன்னிரண்டு எண்களுக்கு இதன் முன்னோடி வடிவங்கள் பியர்சன், ஹோட்டலிங் ஆகியோரிடம் இருந்தன. தொடர்ச்சியாக மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு வளைகோட்டுக்கு, அதாவது எண்ணற்ற புள்ளிகள் கொண்ட ஒரு தற்செயல் சார்புக்கு, இது பொருந்தும் என்று காட்டியதே கோசாம்பியின் பங்கு.

பின்லாந்தின் கார்ஹுனனும் பிரான்சின் லோவேயும் 1940-களின் பிற்பகுதியில் தனித்தனியாக இதே முடிவை அடைந்தனர். இன்னும் முழுமையாக, இன்னும் கட்டுக்கோப்பாக. உலகம் அவ்விருவர் பெயரையும் சூட்டியது. கோசாம்பியின் பெயர் விடுபட்டது. அண்மைக் காலமாகச் சில நூல்கள் மூன்று பெயர்களையும் சேர்த்து எழுதுகின்றன. இதில் சதி எதையும் நான் காணவில்லை. போர்க்காலம், இந்திய இதழ் ஐரோப்பிய நூலகங்களை எட்டுவது அரிது, அதோடு எழுதியவரே அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். 1944-இல் மரபியல் இதழ் ஒன்றில் அவர் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை, குரோமோசோமில் மரபணுக்களின் இடைத்தொலைவைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தது. அது லண்டனிலிருந்து வெளிவந்த இதழ். இன்றைக்கும் நெல்லிலும் கம்பிலும் மரபு வரைபடம் தயாரிக்கும் ஆய்வாளர் கோசாம்பி சார்பைப் பயன்படுத்துகிறார். ஒரே மனிதர், ஓராண்டு இடைவெளியில் இரண்டு கட்டுரைகள். வெளியான இடம் பெயரின் ஆயுளை முடிவு செய்தது. ஆய்விதழ்களைத் தரவரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கு ஆசிரியரின் பதவி உயர்வைக் கட்டி வைத்திருக்கும் இன்றைய முறையைக் கண்டு நான் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் வெளிநாட்டு இதழை நாடும் இளைஞரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராததற்கு இந்த இரு கட்டுரைகளும் ஒரு காரணம். உள்நாட்டு இதழ் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது வாசிக்கப்படவும் வேண்டும். அதற்குப் பணம் செலவாகும், அந்தப் பணத்தை யாரும் ஒதுக்குவதில்லை.

இனி, கைப்பேசிப் படத்துக்கு வருகிறேன். படத்தைச் சின்னஞ்சிறு கட்டங்களாக வெட்டுகிறார்கள். கட்டத்துக்கு எட்டுக்கு எட்டு, 64 புள்ளிகள். மழைக் கணக்கில் பன்னிரண்டு மாதங்கள் இருந்த இடத்தில் இங்கே 64 புள்ளிகள். வானத்தின் ஒரு புள்ளி நீலமாக இருந்தால் அடுத்த புள்ளியும் ஏறக்குறைய நீலமே. ஆகவே கோசாம்பி, கார்ஹுனன், லோவே வழியில் 64 எண்களுக்குப் பதில் ஐந்தாறு எண்களால் அந்தக் கட்டத்தைச் சொல்லிவிடலாம். ஒரே ஓர் இடையூறு: வடிவங்களைத் தருவது தரவு. ஒவ்வொரு படத்துக்கும் வடிவங்கள் மாறும். அவற்றையும் படத்தோடு சேர்த்து அனுப்பினால் மிச்சமானது செலவாகிவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதலிடம் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுக்கு உரியது. அமெரிக்காவின் கான்சஸில் பணியாற்றிய அவர், டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்ட கோசைன் உருமாற்றத்தில் வடிவங்கள் முன்கூட்டியே நிலையானவை, அனுப்பத் தேவையில்லை. அண்டைப் புள்ளிகள் நெருங்கிய ஒட்டுறவு கொண்ட படங்களுக்கு அது மூலத் தேற்றம் தரும் விடைக்கு மிக அருகில் வருகிறது. அது எத்தனை அருகில் வருகிறது என்று அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உரைகல்லும் அந்தத் தேற்றமே. 1992-இல் வந்த ஜேபெக் தரம் இதன்மேல் எழுந்தது.

இங்கேதான் என் சொந்தத் துறை வந்து சேர்கிறது. தேற்றம் வடிவங்களை வரிசைப்படுத்தும். எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. என் முனைவர் பட்ட ஆய்வு நிலக்கடலை விலையைப் பற்றியது. விலையை விளக்க நான் மழை, பரப்பு, எண்ணெய் விலை, முந்தைய ஆண்டின் விலை, அதற்கு முந்தையது என்று மாறிகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் கணக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. அதன் பெருமையில் நெறியாளரிடம் போனால், அடுத்த ஆண்டின் விலையைச் சொல் பார்க்கலாம் என்றார். சொன்னேன், வெட்கக்கேடாகத் தவறிற்று. கடந்த காலத்தின் ஒவ்வொரு தற்செயலையும் என் மாதிரி மனப்பாடம் செய்திருந்தது. மாறிகளின் எண்ணிக்கைக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று ஜப்பானின் அகைக்கே 1970-களின் தொடக்கத்தில் காட்டியிருந்தார். 1978-இல் பின்லாந்தில் பிறந்த ரிசானென் அதையே அஞ்சல் கட்டணக் கணக்காக மாற்றினார்: மாதிரியை எழுதி அனுப்பும் செலவு, அந்த மாதிரி விளக்கத் தவறியதை எழுதி அனுப்பும் செலவு, இரண்டும் சேர்ந்து எதில் மிகக் குறைவோ அதுவே நல்ல மாதிரி. தரவைச் சுருக்குவதும் தரவைப் புரிந்துகொள்வதும் ஒரே வேலை என்றாகிறது. ரிசானென் ஐ.பி.எம். நிறுவனத்தில் தரவுச் சுருக்க முறைகளை வகுத்தவர் என்பதால், அவருக்கு இது உவமை அன்று.

இன்றைய காணொளிச் சுருக்கிகள் இந்தத் தேர்வை ஒவ்வொரு கட்டத்திலும் செய்கின்றன. 2003-இல் வந்த எச்.264 தரத்தில் ஒரு சிறு கட்டத்தை அண்டைக் கட்டங்களிலிருந்து ஊகிக்க ஒன்பது வழிகள். அடுத்து வந்த தரத்தில் 35. ஒவ்வொன்றுக்கும் பிழை எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து மலிவானதை எடுத்துக்கொள்கிறது கருவி. ஆவணங்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. எழுத்துள்ள தாளில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் திடீர்ப் பாய்ச்சல். அண்டைப் புள்ளி ஒத்திருக்கும் என்ற எடுகோள் அங்கே உடைகிறது. அந்த உடைவுதான் எழுத்தைச் சுற்றிய புகை. 1990-களின் இறுதியில் ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தில் உருவான டேஜாவூ என்ற முறை, தாளை எழுத்துப் படலம், பின்னணிப் படலம் என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி மாதிரிகளைக் கையாண்டது. எங்கே பிரிப்பது என்று முடிவு செய்யவும் அங்கே ரிசானெனின் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். தவறான திசையில் அளவுமீறிப் போவதும் உண்டு. 2013-இல் ஜெர்மனியில் ஒரு கணினி அறிஞர், நகலெடுக்கும் கருவி ஒன்று கட்டட வரைபடத்தின் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டார். ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை ஒரே அச்சாகக் கொண்டு இடத்தை மிச்சப்படுத்திய அந்தக் கருவி 6 இருந்த இடத்தில் 8 போட்டது, அதுவும் பளிச்சென்று, எந்த மங்கலும் இல்லாமல். எங்கள் மாணவியின் படமாவது தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கோசாம்பியின் பிற்கால வாழ்வு இவ்வளவு சீரானதன்று. 1940-களின் நடுவில் ஹோமி பாபா அவரைப் பம்பாயில் புதிதாகத் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்தார். 1948-49-இல் யுனெஸ்கோ உதவியுடன் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று கணிப்பொறிகளைப் பற்றி ஆராய்ந்தார். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். சிகாகோவில் வடிவியல் கற்பித்தார். திரும்பி வந்து, புணேயிலிருந்து பம்பாய்க்கு டெக்கான் குயின் ரயிலில் சென்று வந்தபடி, ஒருபுறம் எண் கோட்பாடும் மறுபுறம் பர்த்ருஹரியும். பர்த்ருஹரியின் பாடல்கள் என்று வழங்கியவை சுவடிக்குச் சுவடி வேறுபட்டன. நாடெங்கும் இருந்து சுவடிகளை வரவழைத்து ஒப்பிட்டு, எல்லா மரபுகளுக்கும் பொதுவாக நிற்பவை ஏறத்தாழ 200 பாடல்கள் என்று பிரித்துக் காட்டினார். 1948-இல் அந்தப் பதிப்பு வந்தது. கணிதக் கட்டுரையையும் இந்தப் பதிப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரே கை தெரிகிறது.

பாபாவுடன் உறவு முறிந்தது அரசியலால். உலக அமைதி இயக்கத்தில் ஈடுபட்டிருந்த கோசாம்பி, அணுமின்சாரம் இந்தியாவுக்கு ஏற்றதன்று, வெயில் மிகுந்த நாட்டுக்கு வெயிலே எரிபொருள் என்று வாதாடினார். 1960-இல் புணேயில் ஆற்றிய உரையில் அதைச் செலவுக் கணக்குடனேயே சொன்னார். நாட்டின் அணுசக்தித் திட்டத்தை வகுத்தவரின் நிறுவனத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டு இதைச் சொல்வது எத்தகைய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலைக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பார்க்கும்போது, அவருடைய கணக்கு அக்காலத்துக்கு முந்தியது என்றே தோன்றுகிறது. அன்றைய தகட்டின் விலையில் அது தேறியிருக்காது என்பதையும் ஒரு பொருளாதார ஆசிரியனாக நான் சொல்லியாக வேண்டும்.

1959-இல் அவர் இன்னொன்றும் செய்தார். கணிதத்தின் தீராப் புதிர்களில் தலையாயதான ரீமன் கருதுகோளை, நிகழ்தகவு வழியில் தீர்த்துவிட்டதாகக் கருதி, வேளாண் புள்ளியியல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். அந்த நிறுவல் தேறவில்லை. பகா எண்கள் தற்செயலாக விழுந்தவை போல நடந்துகொள்ளலாம்; ஆனால் அவை தற்செயல் அல்ல. ஒரு மாதிரி நன்றாகப் பொருந்துவதும் அது உண்மையாக இருப்பதும் வேறு வேறு. காசுகளில் இந்த வேறுபாட்டை உணர்ந்து, ஆண்டு தெரிந்த காசுகளில் சோதித்துப் பார்த்தவர், இங்கே சறுக்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அவருடைய எதிரிகளுக்கு இது நல்ல கருவியாயிற்று. 1962-இல் நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

வேலை போன பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மூட்டுவலியுடன் புணேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்தார், நுண்கற்கருவிகளைப் பொறுக்கினார், மேய்ச்சல் பாதைகளும், பெண் தெய்வங்களின் கோயில்களும், கற்கால மனிதரின் பாதைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கண்டார். வரலாற்றறிஞனுக்கு நூலகத்தைவிட வலுவான கால்கள் தேவை என்பது அவர் வாழ்ந்து காட்டிய கொள்கை. 1965-இல் வந்த அவருடைய கடைசிப் பெருநூல் தமிழிலும் ‘பண்டைய இந்தியா’ என்ற பெயரில் கிடைக்கிறது. 1966 ஜூன் 29 அன்று, ஐம்பத்தொன்பது வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், உறக்கத்தில் இறந்தார். நூற்றாண்டை ஒட்டி 2008-இல் அஞ்சல் துறை தலை வெளியிட்டது.

மாணவியின் சான்றிதழை ஒடுகத்தூர்க் கடைத்தெருவில் ஒரு கணினிக் கடைக்கு எடுத்துச் சென்றோம். வண்ணத்தை நீக்கி, வெறும் கறுப்பு வெள்ளையில், ஆனால் கூடுதல் நுணுக்கத்தில் வருடச் சொன்னேன். கடைக்காரத் தம்பிக்கு ஐயம். நுணுக்கம் கூடினால் கோப்பும் பெருக்குமே என்றார். 46 கிலோபைட் வந்தது. இலக்கம் ஒவ்வொன்றும் வெட்டினாற்போல் நின்றது. முத்திரையின் நீலம் மட்டும் கறுப்பாகிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம் இம்முறை ஏற்கப்பட்டது.

விடுமுறையில் ஊர் சென்ற அந்த மாணவி, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்கள் ஊர்க் கோயிலில், மரத்தடியில் மஞ்சள் பூசிப் பிள்ளையாராக வணங்கப்படும் கற்கள். அவற்றில் மூன்று, தீட்டி மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஜவ்வாது மலையில் இத்தகைய வழிபாடு பல இடங்களில் உண்டு. வழவழப்பான பரப்பு என்பதால் படம் எத்தனையோ சுருங்கியும் கூர்முனையும் வளைவும் கெடாமல் வந்திருந்தன. பூசாரியிடம் கேட்டு, ஊரார் அனுமதித்தால், காய்கறிக் கடைத் தராசிலாவது வைத்து ஒவ்வொன்றின் எடையையும் குறித்து அனுப்பும்படி அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.